வலப்பக்கம் நாற்பது கிளிக்

“துவக்கில வேற எதை வேணுமெண்டாலும் மாத்துங்கோ. உந்தக் குமிழை மட்டும் தொடாதேங்கோ.”

பத்மாதேவி சுடப் பழக வந்த முதல் நாளே இதைச் சொல்லிவிட்டாள். இப்திகார் கையில் எடுத்த சின்னத் திருகாணிச் சாவியை அப்படியே மேசையில் வைத்தார். திகனயில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கும் மனிதர் அவர். கட்டுகஸ்தோட்டைச் சுடுதளத்தின் செயலாளரும் அவர்தான். இருபது வருடத்தில் எத்தனையோ பேருக்குத் துவக்குப் பிடித்துச் சுடக் கற்றுக்கொடுத்திருக்கிறார். ஐம்பத்தெட்டு வயதில், கணவனின் முப்பத்தோராம் நாள் அந்திரட்டி முடிந்து இரண்டு கிழமைகூட ஆகாமல், கறுப்புக் குடையோடு வந்து நின்று நிபந்தனை போடுகிற பெண்ணை அவர் இதற்குமுன் கண்டதில்லை.

“மிஸ், அது குறி பாக்குற சைட்டத் திருப்புற குமிழ். குண்டு இடத்தால போகணுமா வலத்தால போகணுமா எண்டு அதுதான் தீர்மானிக்கும். ஒவ்வொரு ஆளுட கண்ணுக்கும் ஒவ்வொரு மாதிரி வைக்கோணும். விவேகானந்தன் சேருட கண்ணுக்கு வச்சது ஒங்களுக்குச் சரிவராது.”

“சரிவரப் பண்ணுறன்.”

“என்னத்தச் சரிவரப் பண்ணுவீங்க? துவக்கயா, கண்ணயா?”

“கண்ணை.”

இப்திகார் சிரிக்கவில்லை. அந்தக் குமிழைக் கடைசியாகத் திருப்பிய விரல்கள் யாருடையவை என்று அவருக்கும் தெரியும். ஒக்டோபர் மாதத்து ஒரு சனிக்கிழமை, அவள் கணவன் விவேகானந்தன் வழக்கம்போல இருபது குண்டு சுட்டார். குமிழை இரண்டு மூன்று கிளிக் திருப்பினார். துவக்கைத் துடைத்து இரும்பு அலுமாரியில் வைத்துப் பூட்டினார். கண்டிக்குப் போகிற பஸ்ஸில் ஏறியவர், மகாவலிப் பாலம் தாண்டுவதற்குள் சாய்ந்துவிட்டார். பக்கத்து சீற்றில் இருந்தவர் தூங்குகிறார் என்றுதான் நினைத்தாராம்.

விவேகானந்தன் கண்டியிலேயே பிறந்து, கண்டியிலேயே படித்து, போஸ்ட்மாஸ்டராக ஓய்வு பெற்றவர். பள்ளிக்கூடத்தில் கெடேற் படையில் இருந்தபோது பிடித்த பைத்தியம் அது. யுத்த காலத்தில் ஒரு தமிழன் துவக்கு என்ற சொல்லை வாய்விட்டுச் சொல்லவே யோசிக்க வேண்டும். அந்த வருடங்கள் முழுக்க அவர் முத்திரை குத்துவதோடு திருப்திப்பட்டுக்கொண்டார். யுத்தம் முடிந்த பிறகு விண்ணப்பம் எழுதினார். போட்டிக்கென்று செய்த காற்றுத் துவக்கு அது. பத்து மீற்றர் தூரத்து அட்டையில் துளை போடுவதைத் தவிர வேறொன்றுக்கும் உதவாது. அதற்கு அனுமதிப்பத்திரம் வாங்க நான்கு வருடம் அலைந்தார். ஒவ்வொரு அரசாங்கக் கந்தோரிலும் ஒரே கேள்வி.

“எதற்கு?”

“விளையாட்டுக்கு.”

“வேறெதற்கு?”

“வேறொன்றுக்கும் இல்லை.”

பத்திரம் கையில் கிடைத்த அன்று இனிப்புக் கடையில் அரைக் கிலோ மஸ்கற் வாங்கிக்கொண்டு வந்தார். பத்திரத்தைச் சட்டம்போட்டு மாட்டலாமா என்றுகூடக் கேட்டார். “துவக்கு என்ன துவக்கு. இந்தத் தாளைப் பார் தேவி. விளையாட்டுக்கு எண்டு எழுதியிருக்கு. எங்கட ஆக்களில எத்தனை பேரிட்ட இப்பிடி ஒரு தாள் இருக்கும்?”

அவள் பார்க்கவில்லை. அவள் யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவள். துவக்கு என்பது அவளுக்குச் சத்தம். சத்தம் கேட்டதும் கட்டிலுக்குக் கீழே போவது. போனவர்களில் எல்லோரும் வெளியே வந்துவிட்டார்களா என்று எண்ணிப் பார்ப்பது. தம்பி ஒருவனை அப்படி எண்ணும்போதுதான் காணவில்லை என்று தெரிந்தது. கல்யாணமாகிக் கண்டிக்கு வந்து, நில அளவைத் திணைக்களத்தில் படவரைஞராக முப்பது வருடம் கோடு கீறினாள். பஸ்ஸின் ரயர் வெடித்தால்கூடப் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் காத்திருப்பாள்.

“ஒருக்கா வந்து பார். சத்தமே இல்லை,” என்று அவர் பதின்மூன்று வருடம் கேட்டார். பதின்மூன்று வருடமும் அவள் சனிக்கிழமைகளில் உடுப்புத் தோய்த்தாள்.

அவர் போன பிறகு, அலுமாரியில் இருந்த, அவர் சுடும்போது போடுகிற கோட்டையும் கொப்பியையும் எடுத்துவரத்தான் முதன்முதலாகச் சுடுதளத்துக்குப் போனாள். ஆற்றுக்கு மேலே, ஒரு பழைய தேயிலைக் களஞ்சியத்தின் மேல்மாடி. படியேறும்போதே காதைப் பொத்த இரண்டு கைகளையும் தயாராக வைத்துக்கொண்டாள். உள்ளே ஒரு பெண் துவக்கோடு நின்றாள். “டப்” என்று ஒரு சத்தம். தீப்பெட்டியை மேசையில் தட்டினால் வருகிற சத்தம்.

“இவ்வளவுதானோ?” என்றாள் பத்மாதேவி.

“இவ்வளவுதான் மிஸ்,” என்றார் இப்திகார்.

அவள் அங்கே கிடந்த மர வாங்கில் உட்கார்ந்து, கோட்டை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். செத்த வீட்டில் அழுததைவிட அதிகம் அழுதாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, “இனி இதை என்ன செய்யவேணும்?” என்று கேட்டாள்.

செய்யவேண்டியதை இப்திகார் ஒன்றும் மறைக்காமல் சொன்னார். பத்திரத்துக்குச் சொந்தக்காரர் இறந்தால் துவக்கு வீட்டுக்குப் போகமுடியாது. சுடுதளக் கழகத்து அலுமாரியில்தான் இருக்கவேண்டும். செப்டெம்பர் முப்பதுக்கு முன் மனைவியோ பிள்ளையோ தன் பெயருக்கு மாற்றக் கேட்கலாம். கேட்டால், இவர் உண்மையிலேயே சுடுகிறவர் என்று கழகம் கடிதம் கொடுக்கவேண்டும். கழகம் கடிதம் கொடுப்பதற்கு ஒரு கணக்கு உண்டு: அரை மணித்தியாலத்தில் இருபது குண்டு, இருநூறுக்கு நூற்றிநாற்பது. இல்லையென்றால், கடிதம் உள்ள வேறு யாருக்காவது விற்கவேண்டும்.

“விதவைக்கு எண்டு ஏதும் சலுகை?”

“சேருக்கே நான் அரைப் புள்ளி கூடப் போட்டதில்ல மிஸ்.”

“போடவேண்டாம்,” என்றாள்.

மகள் லதுஷா கொழும்பிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் தொலைபேசி எடுப்பாள். விஷயத்தைக் கேள்விப்பட்டதும் திங்கட்கிழமையே எடுத்தாள்.

“அம்மா, உங்களுக்கென்ன விசரே? துவக்கும் கையுமா, உந்த வயசில?”

“உந்த வயசிலதான் பிள்ளை எனக்கு நேரம் கிடைச்சிருக்கு.”

“அப்பாவின்ர ஞாபகத்துக்கு எண்டால் எத்தனை சாமான் வீட்டில கிடக்கு. வெள்ளவத்தையில ஒருத்தர் கேக்கிறார். போட்டிக்குப் போற ஆள். கவனமா வச்சிருப்பார்.”

“அவர் வாங்கினால் முதல் வேலை என்ன செய்வார்?”

“எனக்கென்ன தெரியும்? சுடுவார்.”

“இல்லை. குமிழைத் திருப்புவார்.”

“எந்தக் குமிழை?”

“உனக்கு விளங்காது. போனை வை.”

துவக்கு நாலரைக் கிலோ. முதல் மாதம் அவளால் ஒரு நிமிடம் தாங்க முடியவில்லை. வீட்டில் ஐந்து லீற்றர் தண்ணீர்ப் போத்தலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சுவர் நாட்காட்டியில் பௌர்ணமிப் போயா நாளுக்குப் போட்டிருந்த வட்டத்தையே பார்த்தபடி நிற்பாள். பக்கத்து வீட்டு இரத்தினம்மா ஜன்னலால் கண்டுவிட்டு, ஏதாவது விரதமா என்று கேட்டாள். ஓம், விரதம்தான் என்றாள் பத்மாதேவி.

கை அவளைக் கைவிடவில்லை. முப்பது வருடம் மயிரிழைக் கோடு கீறிய கை. மூச்சை எங்கே நிறுத்தவேண்டும், விரலை எப்போது அசைக்கவேண்டும் என்பதெல்லாம் அவளுக்கு இப்திகார் சொல்லித் தெரியவேண்டியிருக்கவில்லை. மூன்றாம் மாதம் அட்டையைக் கையில் வாங்கிய இப்திகார் அதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

“இங்க பாருங்க. பத்துக் குண்டும் ஒரு பத்துச் சதக் காசுக்குள்ள போட்டீக்கிறீங்க. என்ன கை இது! ஆனா எங்க போட்டீக்கிறீங்க? நடுவுக்கு நாலு வளையம் இடப்பக்கமா. பத்துக் கிளிக்குக்கு ஒரு வளையம் நகரும் மிஸ். நாப்பது கிளிக் வலத்துக்குத் திருப்பினா எல்லாம் நடுவுக்கு வரும். ஒரு நிமிஷத்து வேல.”

“வேண்டாம்.”

“நான் திருப்பித் தாறன். நீங்க பாக்க வேணாம். கண்ண மூடிக்கிட்டு நில்லுங்க.”

“இப்திகார், வேண்டாம்.”

பதிலாக அவள் வேறொன்று கண்டுபிடித்தாள். விவேகானந்தன் அவளைவிட அரை அடி உயரம். கன்னத்தைத் துவக்கில் வைக்கும்போது தலையை ஒரு பக்கம் சாய்ப்பார். கழுத்தை இழுத்து, தலையைத் திருகி, அவருடைய கண் இருந்த இடத்துக்குத் தன் கண்ணைக் கொண்டுபோனால் குண்டுகள் நடுவை நோக்கி நகர்ந்தன. அப்படி நிற்கும்போது அவருடைய தலைக்குள் தன் தலையை நுழைத்துக்கொண்டதுபோல இருந்தது. கழுத்து எரிந்தது. அந்த எரிவும் அவளுக்கு வேண்டியிருந்தது.

அடுத்த தடத்தில் சுடுகிறவள் நிரோஷினி. முதல் நாள் “டப்” என்று சுட்டவள் அவள்தான். பன்வில தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. கண்டியில் வங்கியில் வேலை. கழகத்தில் அவளை வெல்ல ஆளில்லை. எந்நேரமும் வாயில் எதையாவது போட்டு மெல்லுவாள்.

“ஆன்ட்டி, ஒங்கள நான் சைடுல இருந்து பாக்குறேன். கொக்கு மீனப் பாக்குற மாதிரியே இருக்கீங்க.”

“கொக்கு பிடிக்குதுதானே பிள்ளை.”

“கொக்குக்குக் கழுத்து வலிக்காதுங்க ஆன்ட்டி. ஒங்களுக்கு வலிக்கும். இருபதாவது குண்டு சுடுறப்பப் பாருங்க.”

ஓகஸ்டில் ஒரு நாள் பத்மாதேவி நூற்றிமுப்பத்தேழு எடுத்தாள். இன்னும் மூன்றே மூன்று. அன்று வீட்டுக்குப் போகிற வழியில் அரைக் கிலோ மஸ்கற் வாங்கப் போய், இன்னும் அதற்கு நேரம் வரவில்லை என்று கடை வாசலிலிருந்து திரும்பினாள்.

சோதனை செப்டெம்பரின் கடைசிச் சனிக்கிழமை. காலையிலேயே மழை. களஞ்சியத்துத் தகரக் கூரை முழுக்க ஒரே இரைச்சல். அவள் கணவனின் கோட்டைப் போட்டுக்கொண்டாள். அதன் கைகளை இரண்டு மடிப்பு மடித்திருந்தாள். அவருடைய நீலக் கொப்பியையும் பென்சிலையும் மேசையில் வைத்தாள். ஒவ்வொரு சனிக்கிழமையும் புள்ளியும் வெளிச்சமும் எழுதிவைத்த கொப்பி அது. கடைசி எழுத்துக்குப் பிறகு வெறும் பக்கங்கள்.

“தொடங்கினா நான் வாயத் திறக்க மாட்டன்,” என்றார் இப்திகார். “நிரோஷினி, நீயும் வாய மூடு.”

“நான் மெல்லத்தான் செய்றேன் அங்கிள்.”

“அதையும் நிறுத்து.”

மணிக்கூட்டை அமத்தி ஓடவிட்டார்.

முதல் குண்டு ஆறு. சுவிட்சை அமத்தினால் அட்டை கம்பியில் ஓடி வரும். துளையைப் பார்த்துவிட்டுப் புது அட்டை மாட்டி அனுப்பவேண்டும். இரண்டாவது ஐந்து. ஆறு. ஆறு. எல்லாம் இடப்பக்கம். அவள் கழுத்தை இன்னும் இழுத்தாள். இரவு சரியாகத் தூங்காததோ, மழைக் குளிரோ, கழுத்து கல்லாகியிருந்தது. போகவேண்டிய இடத்துக்கு அது போகவில்லை. ஐந்து. ஏழு. ஆறு. ஆறு.

எட்டுக் குண்டில் நாற்பத்தேழு. கொப்பியில் கூட்டிப் பார்த்தாள். மிச்சம் பன்னிரண்டில் தொண்ணூற்றிமூன்று வேண்டும். ஒவ்வொன்றும் எட்டுக்குக் கிட்ட. இப்படியே சுட்டால் வராது. கணக்கு ஏமாற்றாது, எந்தக் கழுத்துக்கும் அது இரங்காது.

துவக்கை மேசையில் வைத்தாள். கோட்டின் முதல் பொத்தானைக் கழற்றினாள். நேரம் போய்க்கொண்டிருந்தது. நிரோஷினி இரண்டு கைகளாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். இப்திகார் மணிக்கூட்டையே பார்த்தார்.

வெள்ளவத்தை மனிதரை அவள் நினைத்தாள். முகம் தெரியாதவர். நல்ல ஆள் என்று லதுஷா சொன்னாள், இருக்கலாம். துவக்கைக் கையில் வாங்குவார். முதல் அட்டை மாட்டுவார். குண்டு எங்கே போகிறது என்று பார்ப்பார். பிறகு, ஏதோ வானொலியின் சத்தத்தைக் குறைப்பதுபோல, அந்தக் குமிழைத் திருப்புவார். அது எங்கே நின்றது என்று எண்ணியும் பார்க்கமாட்டார். பத்து மாதமாகத் தான் காவல் காத்தது, காவல் காத்ததனாலேயே அவர் கைக்குப் போகப்போகிறது.

எப்படியும் திரும்பத்தான் போகிறது. யார் திருப்புவது என்பதுதான் மிச்சம்.

திணைக்களத்தில் ஒரு பழக்கம் இருந்தது. பழைய வரைபடத்தில் ஒரு எல்லைக் கோட்டை அழிக்கவேண்டி வந்தால், ரப்பரை எடுப்பதற்கு முன் அந்தக் கோடு எங்கிருந்தது என்று ஓரத்தில் அளவு எழுதவேண்டும். எழுதினால் அது அழிந்ததாகாது. எப்போது வேண்டுமானாலும் திரும்பக் கீறலாம். முப்பது வருடத்தில் அவள் ஒரு கோட்டையும் எழுதாமல் அழித்ததில்லை.

பென்சிலை எடுத்தாள். நீலக் கொப்பியின் வெறும் பக்கத்தில் எழுதினாள்: “விவேகானந்தனின் இடத்திலிருந்து வலப்பக்கம் 40.”

எழுதிவிட்டுக் குமிழைப் பிடித்தாள். விரலில் அதன் பற்கள் பட்டன. ஒன்று. இரண்டு. ஒவ்வொரு கிளிக்கும் எலும்புக்குள் கேட்டது. நாற்பதில் நிறுத்தினாள். துவக்கைத் தூக்கி, கழுத்தை நேராக வைத்து, தன் கண்ணாலேயே பார்த்துச் சுட்டாள்.

அட்டை ஓடிவந்தது. இரண்டு. துளை இடது ஓரத்தில், அட்டையை விட்டே ஓடிப்போகப் பார்ப்பதுபோல இருந்தது.

கூரையில் மழை இரைந்தது. இப்திகாரின் தாடை இறுகி அசைந்தது, வாய் திறக்கவில்லை. பத்மாதேவி துளையைப் பார்த்தாள், குமிழைப் பார்த்தாள். அவளுக்கு விளங்கியது. திணைக்களத்துக் கருவிகளில் கடிகாரம் சுற்றுகிற பக்கம் திருப்பினால் வலம். அதே கையால் இதையும் திருப்பிவிட்டாள். இந்தத் துவக்கு செய்தவர்கள் நேர்மாறாகச் செய்திருக்கிறார்கள். நாலு வளையம் எட்டு வளையமாகிவிட்டது.

“என்ன விசர் வேலை பாத்தன் பாருங்கோ,” என்று கூரையைப் பார்த்துச் சொன்னாள். கணவனிடம் சொன்னாளா, திணைக்களத்திடம் சொன்னாளா தெரியாது.

எதிர்ப்பக்கமாக எண்பது. நாற்பதாவது கிளிக்கில் குமிழ் திரும்பவும் அவர் வைத்த இடத்துக்கு வந்தது. அங்கே அவள் விரல் நின்றது. ஒரு மூச்சு விடுகிற நேரம். பிறகு நாற்பத்தொன்று என்று வாய்விட்டு எண்ணிக்கொண்டு மேலே போனாள்.

மிச்சம் பத்து நிமிடம், பதினொரு குண்டு. தொண்ணூற்றியொன்று வேண்டும்.

ஒன்பது. எட்டு. ஒன்பது. ஒன்பது. கழுத்து தன் இடத்தில் இருந்தது. கோடு கீறுகிற மேசைக்கு முன்னால் நிற்பதுபோல நின்றாள். ஒரு ஏழு. அடுத்த அட்டை வந்தபோது நிரோஷினியின் வாயிலிருந்து ஒரு கீச்சுச் சத்தம் தப்பிப் போனது: நடுப் புள்ளியைக் காணவில்லை, பத்து. எட்டு, ஒன்பது, எட்டு. ஒரு ஏழு.

கடைசிக் குண்டுக்கு ஒரு நிமிடமும் சொச்சமும். கொப்பியில் கூட்டினாள்; நூற்றிமுப்பத்துமூன்று. ஏழு வேண்டும். துவக்கைத் தூக்கினாள், அது ஆடியது. திரும்பக் கீழே இறக்கினாள். நேரம் இருக்கும்போது இறக்கத் தெரியாதவன்தான் தோற்பான் என்று அவர் கொப்பியில் எங்கோ எழுதியிருந்தார். இரண்டு முறை மூச்சு விட்டாள். மறுபடி தூக்கினாள். கறுப்பு வட்டம் வந்தது, ஆடியது, நின்றது.

டப்.

இப்திகார் அட்டையை அவள் கையில் கொடுக்கவில்லை. ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பவும் பார்த்தார்.

“அங்கிள், உசிர வாங்காதீங்க!” என்றாள் நிரோஷினி.

“எட்டு,” என்றார். “நூத்திநாப்பத்தொண்டு.” பிறகு பத்மாதேவியிடம் வந்து நின்று, பெரிய கோபத்தோடு கேட்டார்: “அந்த ரெண்டு இல்லாட்டி எவ்வளவு வந்தீக்கும் தெரியுமா?”

“தெரியும். திருப்ப முதல் உங்களிட்டக் கேட்டிருக்கவேணும்.”

“கேட்டாலும் சொல்லீக்க மாட்டன். சட்டம் சட்டம்தானே.”

நிரோஷினி அவளைக் கட்டிப்பிடித்தாள். தேங்காய்ப் பிஸ்கட் வாசம் அடித்தது.

இப்திகார் கடிதத்தைத் தட்டச்சுச் செய்து, முத்திரை குத்திக் கொடுத்தார். துவக்கை அலுமாரியில் வைக்கும்போது குமிழைப் பார்த்தார்.

“மிஸ், சேருட இடத்துக்குத் திரும்ப வச்சுப் பூட்டவா? நாப்பதுதானே.”

அவள் கொப்பியைத் திறந்து தான் எழுதிய வரியைப் பார்த்தாள். நாற்பது என்ற இலக்கம் நேராக, திணைக்களத்து எழுத்தில் நின்றது.

“வேண்டாம். அது எழுதி இருக்கு. வாற சனிக்கிழமையும் நான்தானே சுடப்போறன்.”

திங்கட்கிழமை அவள் கந்தோருக்குப் போனாள். ஜன்னலுக்கு அப்பால் இருந்த அதிகாரி கடிதத்தை வாசித்தார். அடையாள அட்டையை வாசித்தார். பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்பதைப் பார்த்துவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார். நரைத்த கொண்டையையும் கறுப்புக் குடையையும் பார்த்தார். சிங்களத்தில் மரியாதையாகத்தான் கேட்டார்.

“எதற்கு?”

“விளையாட்டுக்கு.”

“வேறெதற்கு?”

“வேறொன்றுக்கும் இல்லை,” என்றாள். “சனிக்கிழமைகளில். நீங்களும் ஒருநாள் வந்து பாருங்கள். சத்தமே இல்லை.”

அவர் சிரித்துவிட்டு முத்திரையை எடுத்தார். அவள் ஜன்னலைவிட்டு நகரவில்லை. மை காய்ந்ததும் ஒரு பிரதி கேட்டு வாங்கிக்கொண்டு, மழைக்குள் இறங்கி, மஸ்கற் விற்கிற கடையை நோக்கி நடந்தாள்.